வாட்டர்லூ ஸ்திரீட்டில் எடுத்த இரண்டாம் எண் சீட்டு

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலுக்குக் காதல் கேள்வியோடு வருபவர்கள், பெரும்பாலும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் குறி கேட்பதற்கான எண்ணிட்ட குச்சிகள் நிறைந்த மூங்கில் குழாயைக் கையில் எடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது அந்த இரண்டும் இல்லை; பொறுத்திரு என்பதே எனக்கு வந்த விடை. அந்த விடையோடு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து பார்த்ததில், காதலில் பொறுமை என்பது எது, எது இல்லை என்பதை ஓரளவு தெளிவாகக் கற்றுக்கொண்டேன். இதே கேள்வியோடு நாளை அங்கே மண்டியிடப் போகிறவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தத் தெரு அந்நியமானதன்று. குவான் இம் கோயிலிலிருந்து சில அடி தூரத்தில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. கிருஷ்ணன் கோயிலின் தொடக்கம் 1870ஆம் ஆண்டு. குவான் இம் கோயில் 1884இல் எழுந்தது. இன்று நாம் காணும் அதன் பெரிய கட்டடம் 1982இல் கட்டப்பட்டது. சீனப் பக்தர்கள் குவான் இம்மை வணங்கிவிட்டு, அப்படியே நடந்து வந்து கிருஷ்ணன் சந்நிதிக்கு முன்னும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். குவான் இம் வேறு யாருமல்லர். அவலோகிதேஸ்வரர் என்று நாம் சொல்லும் போதிசத்துவரே சீனத்தில் கருணைத் தேவியாக உருக்கொண்டார். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அந்த அவலோகிதரிடம்தான் என்று, பதினோராம் நூற்றாண்டுப் பௌத்த இலக்கணமாகிய வீரசோழியம் கூறுகிறது. ஆகவே அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தபோது வேற்று வீட்டுக்குள் நுழைவது போன்ற கூச்சம் எனக்கு எழவில்லை.

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. நான் காதலித்தவர் ஜொகூர் பாருவைச் சேர்ந்த மலேசியத் தமிழர். அங்கேயே ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வார இறுதிகளில் நான் குவீன் ஸ்திரீட் பேருந்து முனையத்திலிருந்து அங்கே போவேன், அல்லது அவர் இங்கே வந்து இறங்குவார். அந்த முனையத்திலிருந்து வாட்டர்லூ ஸ்திரீட் சில நிமிட நடைதான் என்பதால், அவருடைய பேருந்து தாமதமாகும் நாள்களில் நான் நேரம் போக்கும் இடமும் அந்தத் தெருவாகவே இருந்தது. தை மாதத்திலேயே திருமணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். அம்மாவுக்கோ மனம் ஒப்பவில்லை. அவரிடம் அம்மா குறையொன்றும் கண்டதில்லை. திருமணத்துக்குப் பிறகு, சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தின் எந்தப் பக்கம் யார் குடியேறுவது என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை என்பதுதான் அம்மாவின் கவலை.

எங்கள் அலுவலகத்தில் வயதில் மூத்த ஒரு சீனப் பெண்மணி இருந்தார். நாங்கள் அனைவரும் அவரை ஆன்ட்டி என்றே அழைப்போம். என் முகவாட்டத்தைக் கவனித்து, ஒரு நாள் வேலை முடிந்ததும் என்னை அவரே அந்தக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். போவதற்கு முதல் நாள் இரவு அம்மாவிடம் சொன்னேன். “போய்விட்டு வா. நாமும் பூக்கட்டிப் பார்க்கிற குடும்பம்தானே. ஆனால் சாமியிடம் கேட்ட பிறகு பேரம் பேசாதே” என்றார் அம்மா. அந்தக் கடைசி வாக்கியம் பின்னாளில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

காவ் சிம் என்று கன்டோனியர் சொல்லும் இந்த முறையைப் படங்களில் பார்ப்பதற்கும் நேரில் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. நீளமான மூங்கில் குழாய்க்குள் எண்ணிட்ட 100 மெல்லிய குச்சிகள் இருக்கும். காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் மண்டியிட்டு, உங்கள் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றை மனத்துக்குள் சொல்லி, பிறகு கேள்வியைச் சொல்ல வேண்டும். குழாயைச் சற்றே முன்பக்கமாகச் சாய்த்துக் குலுக்கினால் குச்சிகள் ஒன்றோடொன்று உரசிச் சடசடக்கும். சுற்றிலும் பலர் ஒரே நேரத்தில் குலுக்குவதால் கூடம் முழுவதும் அந்த ஓசை நிறைந்திருக்கும். வேகமாகக் குலுக்கினால் கொத்தாக நாலைந்து விழுந்துவிடும். அது கணக்கில் சேராது, மீண்டும் தொடங்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்து மெல்லக் குலுக்கினால், ஒரு குச்சி மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து, விரல் விரலாக மேலேறி, விளிம்பில் சற்றுத் தயங்கிவிட்டுக் கம்பளத்தில் விழும். எனக்கு அருகில் மண்டியிட்டிருந்த ஆன்ட்டி, “அவசரப்படாதே, அது தானாக வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குச்சி விழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது உங்களுக்குரிய விடைதானா என்பதைப் பிறைக்கட்டைகளைப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். பிறைநிலா வடிவிலான இரண்டு சிறிய கட்டைகள் அவை; ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் புடைப்பாகவும் இருக்கும். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது புடைப்புப் பக்கமும் மேலே தெரியுமாறு விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு மேலே இருந்தால் மறுப்பு. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் தெய்வம் சிரிக்கிறது என்பார்கள்; கேள்வி தெளிவாக இல்லை என்றோ, விடை உனக்கே தெரியும் என்றோ அதற்குப் பொருள் கொள்வார்கள். சம்மதம் கிடைத்த பிறகுதான் குச்சியின் எண்ணைச் சொல்லி, அந்த எண்ணுக்குரிய குறிப்பாடல் அச்சிட்ட சீட்டை வாங்க வேண்டும். அங்கே சீட்டு சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

என் கட்டைகள் முதலில் காட்டியது அந்தத் தெய்வச் சிரிப்பைத்தான். ஆன்ட்டி என்னைத் தனியே அழைத்து, என்ன கேட்டாய் என்று விசாரித்தார். எங்கள் திருமணம் எப்போது நடக்கும் என்று கேட்டதாகச் சொன்னேன். “எப்போது என்பது நாட்காட்டியின் வேலை. நீ செய்யப்போகும் ஒன்றைப் பற்றிக் கேள்” என்றார். இந்த அறிவுரையை நான் இன்றுவரை பலருக்கும் சொல்லி வருகிறேன். ‘அவர் என்னை உண்மையாகக் காதலிக்கிறாரா’ என்று குச்சியிடம் கேட்பதில் பயனில்லை. அதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமே கேட்க வேண்டும். ‘என் தாயாரின் மனம் மாறுமா’ என்பதும் அத்தகையதே. ‘இந்தத் தை மாதத்தில் திருமணத்தைப் பதிவு செய்ய நான் முற்படலாமா’ என்பது என் கையில் இருக்கும் செயல் பற்றிய கேள்வி; அதைத்தான் இரண்டாம் முறை கேட்டேன். விழுந்த குச்சி இரண்டாம் எண். கட்டைகளும் சம்மதம் சொல்லின.

குவான் இம் குறிப்பாடல்களில் இரண்டாவது பாடலின் பொருள் ஏறத்தாழ இதுதான்: பெருமீன் இன்னும் உருமாறவில்லை, ஆற்றையும் ஏரியையும் விட்டு அகலாமல் இருக்கிறது, நீல அலைகளை விட்டு எழுவதற்கு அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, ஒரு நாள் அதன் உடல் மாறும், அன்று ஒரே தாவலில் அது யூ மன்னனின் வாயிலைக் கடக்கும். ஆற்றின் பேரருவியை எதிர்த்து நீந்திப் பாய்ந்து கடக்கும் மீன் டிராகன் என்னும் கடல்நாகமாக மாறும் என்ற பழைய சீன நம்பிக்கையே அந்த வாயிலுக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டின் தரம் ‘நடுத்தரம்’ என்று போட்டிருந்தது. எல்லாக் காரியங்களிலும் பொறுமை காத்துக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் பொதுவிளக்கம்.

அன்று இரவு அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நான் மிகவும் மனம் சோர்ந்திருந்தேன் என்பது உண்மை. அதிலிருந்து என்னை மீட்டது பாடல் அல்ல, பாடலோடு சேர்ந்து வரும் கதை. ஒவ்வொரு குறிப்பாடலுக்கும் சீன வரலாற்றிலிருந்தோ புராணத்திலிருந்தோ ஒரு கதை இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் பாடலுக்குரியது சூ சின் என்பவரின் தோல்விக் கதை. பண்டைச் சீனாவில் பல அரசுகள் ஒன்றோடொன்று போரிட்ட ‘போரிடும் நாடுகளின் காலத்தில்’ வாழ்ந்த சூ சின், சின் நாட்டு மன்னனிடம் பத்து முறை விண்ணப்பம் எழுதியும் ஏற்கப்படாமல், கைப்பொருள் எல்லாம் கரைந்து, கிழிந்த உடையோடு வீடு திரும்பினார். மனைவி தறியை விட்டு எழுந்து வரவில்லை. அண்ணி சமைத்துப் போடவில்லை. பெற்றோர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் புத்தகப் பெட்டிகளைத் திறந்து இரவு பகலாகப் படித்தார். தூக்கம் வந்தால் ஊசியால் தொடையில் குத்திக்கொண்டு விழித்திருந்தார் என்று கதை சொல்கிறது. பிற்காலத்தில் ஆறு நாடுகளின் முத்திரைகளைத் தாங்கியவராக அவர் அந்த ஊர் வழியே வந்தபோது, பெற்றோர் சாலையைப் பெருக்கி, ஊருக்கு வெளியே வந்து எதிர்கொண்டார்கள்.

தொடையில் ஊசி குத்திக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் சூ சின் வாசலில் உட்கார்ந்து நல்ல காலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடலைத் தனியாகப் படித்தால் ‘சும்மா இரு’ என்பது போல் ஒலிக்கிறது. கதையோடு படித்தால் ‘இன்னும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது’ என்று கேட்கிறது. எனவே சீட்டைப் படிக்கும் வரிசை முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலோர் முதலில் தரத்தைப் பார்த்து, ‘கீழ்த்தரம்’ என்று இருந்தால் மேற்கொண்டு படிக்காமலே முகம் இருண்டுவிடுகிறார்கள். அடுத்ததாகக் குடும்பம், பொருள், வழக்கு, பயணம், நோய் என்று வரும் சிறு குறிப்புகளில் திருமணம் என்ற வரியைத் தேடி, அங்கே இருக்கும் ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் பாடல், பிறகு கதை, அதன் பிறகு விளக்கம், கடைசியில்தான் தரமும் திருமண வரியும் என்று படித்தால், அந்தச் சீட்டு உங்கள் நிலைமையைப் பற்றி யோசிப்பதற்கு ஏதேனும் ஒன்றைத் தரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குக் கோயில் குறிப்பாடல் தொகுப்பு மாறும். குவான் இம் தொகுப்பிலும், ஹாங்காங்கின் வோங் தாய் சின் கோயில் தொகுப்பிலும் 100 பாடல்கள் உள்ளன என்றாலும் அவை ஒன்றல்ல. ஹாங்காங்கிலேயே ஷா தின் பகுதியின் சே குங் கோயிலில் 96 குச்சிகள். 60 பாடல்கள் கொண்ட தொகுப்புகளும் உண்டு. ஒரு கோயிலில் எடுத்த எண்ணுக்கு இன்னொரு கோயிலின் விளக்கத்தைத் தேடிப் படித்துவிட்டுக் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கம் மிகப் பழையது. சீனாவில் தெற்குச் சோங் அரச மரபின் ஆட்சிக் காலத்திலேயே, அதாவது 1279க்கு முன்பே, ஹாங்சோ நகரில் 100 குறிப்பாடல்கள் படங்களோடு மரக்கட்டை அச்சில் வெளிவந்திருக்கின்றன. இத்தனை நூற்றாண்டுகளில் பாடல்கள் பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்திருப்பதில் வியப்பில்லை.

சீட்டை எடுத்த வாரமே அதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “சரி, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதையாவது எழுதி வைத்துக்கொள்வோம்” என்றார். காத்திருத்தலைப் பொறுத்தவரை நான் கேட்ட மிகப் பயனுள்ள சொல் அதுதான். எந்த நாட்டில் குடியிருப்பது, இருவரில் யார் வேலையை மாற்றிக்கொள்வது, அவருடைய பெற்றோரைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வது, அம்மா தனியாக இருக்கலாமா என்று அன்று நாங்கள் எழுதிய கேள்விகள் எவற்றையும், அதற்கு முன் நாங்கள் முழுமையாகப் பேசியதே இல்லை. தை மாதத்தில் பதிவு செய்திருந்தால் இவை அனைத்தையும் திருமணத்துக்குப் பிறகு, கோபத்தோடு பேசியிருப்போம்.

பிறகு 2020 வந்தது. கோவிட்-19 பரவலால் மார்ச் 18ஆம் தேதி மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாள்தோறும் 300,000க்கும் அதிகமானோர் கடந்துகொண்டிருந்த எல்லை ஒரே இரவில் அடைபட்டது. ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் நோய் முறியடிப்புக் கட்டுப்பாடுகள் தொடங்கி, வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. காய்கறி லாரிகள் கடற்பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தன. மனிதர்கள் வர முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் வேலை அனுமதி உடையவர்களுக்கென ஒரு பயண ஏற்பாடு தொடங்கியது. குறைந்தது மூன்று மாதங்கள் வேலை செய்யும் நாட்டில் தங்கிய பிறகே அவர்கள் ஊர் திரும்ப முடியும். மணமாகாத காதலர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

சீட்டு அப்போதே சொல்லிவிட்டது பார்த்தாயா என்று அலுவலகத்தில் சிலர் வியந்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, இன்றும் நினைப்பதில்லை. ஒரு பெருந்தொற்றையும் எல்லை அடைப்பையும் அந்த நான்கு வரிகளுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது, பாடலுக்கும் நியாயம் செய்யாது, நோயில் உயிரிழந்தவர்களுக்கும் மரியாதையாகாது. சீட்டு எனக்குச் செய்த உதவி வேறு. எல்லை மூடப்படுவதற்கு முன்பே, எதற்காகக் காத்திருக்கிறோம் என்ற பட்டியல் எங்கள் கையில் இருந்தது. அதே தெருவில் அதே பேருந்துக்குக் காத்திருந்த பலருக்கு அந்தப் பிரிவு வெறும் வெற்றிடமாக இருந்தபோது, எங்களுக்கு அதில் செய்வதற்கு வேலை இருந்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் கடைப்பிடித்தவற்றில் உண்மையில் பயன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன். நாள் முழுவதும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, இரவு உணவுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். பதில் வரத் தாமதமானால் அதற்குப் பொருள் தேடும் பழக்கம் அதனால் தானாகக் குறைந்தது. எல்லை எப்போது திறக்கும் என்ற பேச்சுக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒதுக்கினோம். மற்ற நாள்களில் பட்டியலிலிருந்து ஏதாவது ஒன்றைப் பேசினோம், அல்லது அன்று என்ன சமைத்தோம் என்று பேசினோம். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, ‘இன்னும் காத்திருக்க நம் இருவருக்கும் விருப்பம்தானா’ என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டோம். முதல் முறை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நெஞ்சு அடைத்தது. ஆனால் விருப்பம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லப்பட்டதால்தான் அந்தக் காத்திருப்பு கட்டாயமாகத் தோன்றவில்லை. இதைவிட நல்ல பழக்கம் எதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

மிகப் பெரிய மாற்றம் அம்மாவிடம் நிகழ்ந்தது. நேரில் வந்து போன காலத்தில் அவரும் அம்மாவும் ‘சாப்பிட்டீங்களா ஆன்ட்டி’ என்பதற்கு மேல் பேசியதில்லை. காணொளி அழைப்பில், நான் பாத்திரம் கழுவப் போகும் நேரத்தில், அம்மா கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவரிடம் பேச ஆரம்பித்தார். அவருடைய அப்பாவின் சர்க்கரை நோய், அங்கே மீன் என்ன விலை, மாமி வீட்டு மாமரம் என்று தொடங்கிய பேச்சு, ஒரு நாள் ‘நீங்க இங்க வந்துட்டா உங்க அம்மாவுக்கு யார் துணை, தம்பி’ என்ற கேள்வியில் போய் நின்றது. தம்பி என்று அம்மா அவரை அழைத்ததை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நான் வாதாடிப் பெற முடியாத சம்மதம் அங்கே, என் உதவி இல்லாமல், தன் வேகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

மறுபடியும் குச்சி எடுக்கத் தோன்றிய இரவுகள் உண்டு. கோயில் மூடியிருந்தாலும், கைப்பேசியைக் குலுக்கினால் குச்சி விழும் செயலிகளும் இணையப் பக்கங்களும் இருக்கின்றன. தோழி ஒருத்தி இணைப்பை அனுப்பியும் வைத்தாள். பேரம் பேசாதே என்று அம்மா சொன்னதை நினைத்து அதைத் திறக்காமல் விட்டேன். ஆன்ட்டி இதை இன்னும் தெளிவாக விளக்கினார்: ஒரே கேள்விக்கு மீண்டும் மீண்டும் குச்சி எடுப்பவர் விடையைத் தேடவில்லை, தனக்குப் பிடித்த விடையைத் தேடுகிறார், நல்லது வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு நல்ல சீட்டு வந்தாலும் அதன்மேல் நம்பிக்கை வராது. நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால், அதாவது கேள்வியே வேறாகிவிட்டிருந்தால், அப்போது எடுக்கலாம். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் குறிக்குச்சியின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

காதலுக்காகக் குறி கேட்பவர்களிடையே யுவே லாவ் என்ற நிலாக் கிழவரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும். ஹாங்காங்கின் வோங் தாய் சின் கோயிலிலும் அவருக்குச் சிலை உண்டு. துணை வேண்டுவோர் அங்கே சிவப்பு நூலோடு வேண்டிக்கொள்கிறார்கள். அவரைப் பற்றிச் சீனாவின் தாங் அரச மரபுக் காலத்திலிருந்து வழங்கி வரும் கதையை ஆன்ட்டி எனக்கு அந்த எல்லை அடைப்புக் காலத்தில்தான் சொன்னார். பெண் தேடி அலைந்த வெய் கு என்ற இளைஞன், நிலவொளியில் புத்தகம் படிக்கும் ஒரு முதியவரைக் காண்கிறான். கணவன் மனைவியாகப் போகிறவர்களின் கால்களைச் சிவப்பு நூலால் பிணைப்பது தன் வேலை என்கிறார் அவர். உன் மனைவிக்கு இப்போது மூன்று வயது என்று சொல்லி, சந்தையில் காய்கறி விற்கும் ஏழைப் பெண்ணின் கையில் இருக்கும் குழந்தையையும் காட்டுகிறார். வெகுண்ட வெய் கு, குழந்தையைக் கொல்லும்படி வேலைக்காரனை ஏவுகிறான். குத்து புருவங்களுக்கு நடுவே விழுகிறது, குழந்தை பிழைத்துக்கொள்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவன் மணக்கும் ஆளுநர் வீட்டுப் பெண், நெற்றியில் ஒட்டிய பூ அணியை ஒருபோதும் அகற்றுவதில்லை. கேட்டபோது, சிறு வயதில் சந்தையில் ஒருவன் குத்திய தழும்பு என்கிறாள்.

இந்தக் கதையை விதியின் வலிமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தழும்புதான் மனத்தில் நிற்கிறது. காத்திருக்க முடியாத ஒருவனின் ஆத்திரம் எந்தக் குற்றமும் செய்யாத மற்றவர் உடலில் போய் விழுந்திருக்கிறது. அந்த நாள்களில் அவரிடம் கடுமையாக ஏதேனும் சொல்லிவிடத் தோன்றும்போதெல்லாம், அந்தப் பூ அணியை நினைத்துக்கொண்டு அழைப்பை முடித்திருக்கிறேன்.

பொறுமையைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, பொறுக்கக் கூடாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தன் அழைப்புகளுக்குப் பதிலே தராத ஒருவருக்காக, ‘தாமதமாகக் கூடும்’ என்ற வரியுள்ள சீட்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு பல காலம் காத்திருந்தாள். அவள் காத்திருப்பது அந்த மனிதருக்கே தெரியாது. இருவரும் அறிந்து, இருவரும் ஒப்புக்கொண்டு காத்திருந்தால்தான் அது காதலில் பொறுமை ஆகும். ஒருவர் மட்டும் காத்திருந்தால், அவருடைய வாழ்நாள்தான் மற்றவர் அறியாமலே செலவாகிறது. அதே போல, அடிப்பவரையும் அவமதிப்பவரையும் பொய் சொல்லிப் பணம் வாங்குபவரையும் சகித்துக்கொள்ளும்படி எந்தக் குறிப்பாடலும் சொல்லவில்லை. கருணைத் தேவியின் பெயரால் வரும் ஒரு சொல்லை அப்படிப் படிப்பது பெரும் பிழை. அத்தகைய நிலையில் இருப்பவர்கள் குச்சி எடுக்க வேண்டாம்; நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே பேசிவிட்டு வெளியேறும் வழியைத் தேட வேண்டும்.

2021 நவம்பர் 29ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் கடற்பாலத்தில் ஓடத் தொடங்கின. தொடக்கத்தில் அவை ஊர் திரும்புவோருக்கே என்பதாலும், டிசம்பரில் ஓமிக்ரான் பரவலால் புதிய பயணச்சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டதாலும் எங்களுக்கு உதவவில்லை. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை முழுமையாகத் திறந்தது. அந்த ஆண்டே, பட்டியலில் இருந்த கேள்விகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்துக்கும் விடை கண்ட நிலையில், எங்கள் திருமணம் பதிவானது. அவருடைய பெற்றோரின் முதுமைக் காலம் பற்றிய அந்த ஒரு கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதை இப்போதும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பேசுகிறோம்.

அண்மையில் சித்தி மகள், தான் காதலிக்கும் பையனைப் பற்றிக் கேட்க அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும், எப்போது போகலாம் அக்கா என்று கேட்டாள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் கூட்டம் மிகுதியாக இருக்கும், சீனப் புத்தாண்டை ஒட்டி உள்ளே நுழையவே நெடுநேரமாகும், அதனால் சாதாரண வார நாள் ஒன்றில் காலையிலேயே போ என்றேன். கேள்வியை முதல் நாளே தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போ, அதில் ‘நான்’ என்ற சொல் இருக்கட்டும், ‘எப்போது’ என்ற சொல் வேண்டாம் என்றும், சீட்டைப் பெற்றதும் எண்ணை வைத்துக் கைப்பேசியில் தேடாமல், மாலையில் அந்தப் பையனை நேரில் பார்த்து, பாடலையும் கதையையும் முழுமையாக அவனுக்கே முதலில் படித்துக் காட்டு என்றும் சொல்லி அனுப்பினேன்.